நூற்று முப்பது நிமிடம்

இருபத்தேழாவது சீட்டைப் பிரிக்கும்வரை பாடம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியைக்கூட கணக்கு டீச்சர் பாதி மறந்துவிட்டிருந்தாள்.

மறக்கக்கூடிய ஆளில்லை அவர். காலையில் தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கென்று ஓர் எல்லை உண்டு. அதற்குள் வீடு இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம். சில குடும்பங்கள் எல்லை தாண்டிக் குடிபோய்விட்டு, பழைய முகவரியை வைத்தே பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கத்தான் அதிகாரி வந்திருக்கிறார். பக்கத்து வகுப்பில் போன வாரமே இரண்டு பெயரை அடித்தாயிற்று. டீச்சரின் வகுப்போ இறுதித் தேர்வு வகுப்பு. அன்றிலிருந்து ஐம்பத்திரண்டாவது நாள் கடைசிப் பரீட்சை. இந்த நேரத்தில் பெயர் போனால் வேறு எந்தப் பள்ளியும் பரீட்சைக்குச் சேர்த்துக்கொள்ளாது. ஒரு வருஷம் அப்படியே மண்.

"அவர் எந்த வகுப்புல வேணா வந்து உக்காருவாரு. நீங்க பாட்டுக்குப் பாடம் எடுங்க," என்றார் தலைமையாசிரியர். சொன்னபடியே மூன்றாவது பீரியடில் அவர் இவள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்.

டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அடிஸ்கேல். ஆள் குள்ளம், நிமிர்ந்த நடை, எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். புள்ளியியல் பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுப்பது அவளுக்குப் பிடிக்காது. புத்தகத்தில் யாரோ ஒரு தொழிற்சாலையில் யாரோ சிலர் வாங்கும் கூலி இருக்கும். அதன் சராசரி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதையே "நம்ம வகுப்போட சராசரி" என்று சொல்லிப் பாருங்கள், முப்பத்தாறு தலையும் நிமிரும்.

அதனால் முந்தின நாள் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தாள். பெயர் எழுத வேண்டாம். "என்கிட்ட எத்தனை பொய் வேணா சொல்லிக்குங்க, பழகிப் போச்சு. தரவுகிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க. பேர் இல்ல, அதனால பயமும் வேண்டாம்," என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கேட்க நினைத்தது ஒரே கேள்வி: அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து இந்த அறையில் வந்து உட்கார்ந்ததுவரை எத்தனை நிமிடம்?

அதோடு நிறுத்தியிருக்கலாம். சீட்டு வெட்டும்போது ஆசை விடவில்லை. உன் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று இன்னொரு கேள்வியும் சேர்த்தாள். காரணம் நல்ல காரணம்தான். உயரத்துக்கும் பயண நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீழ்க்கோட்டில் உயரத்தையும் பக்கக்கோட்டில் நிமிடத்தையும் வைத்துப் புள்ளி போட்டால் தூறல் விழுந்த தரை மாதிரி சிதறிக் கிடக்கும். சம்பந்தமில்லாதது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைக்கு, சம்பந்தமுள்ளது வரும்போது யாரும் விளக்க வேண்டியதில்லை.

சீட்டுகளை அவள் முன்கூட்டிப் பார்க்கவில்லை. எல்லார் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

பிரித்துப் படிக்கும் வேலை ரேடியோவுக்கு. வாய் மூடாத அந்தப் பெண்ணைச் சும்மா உட்காரவைப்பதைவிட வேலை கொடுப்பது லாபம்.

"நூத்தி அம்பத்தெட்டு சென்டிமீட்டர். பதினஞ்சு நிமிஷம்," என்று ரேடியோ படிக்க, டீச்சர் புள்ளி வைப்பாள். "நூத்தி அறுபத்திரண்டு. நாப்பது நிமிஷம். மிஸ், இந்த ஆளு வழியில தூங்கிட்டு வருது."

"கமெண்ட்ரி வேண்டாம். நம்பர் போதும்."

இருபத்தேழாவது சீட்டைப் பிரித்தவள் ஒரு கணம் படிக்கவில்லை. அதுவே அதிசயம்.

"நூத்தி எழுபத்தொம்பது," என்றாள். "நூத்தி முப்பது நிமிஷம்."

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. "மிஸ், கோடு பத்தாது," என்றது ஒரு குரல். உண்மைதான், பக்கக்கோடு எழுபதோடு முடிந்திருந்தது. டீச்சர் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். கோட்டைக் கரும்பலகையின் உச்சிவரை நீட்டி, வலது ஓரத்தில், மற்ற எல்லாப் புள்ளிகளையும் விட்டு விலகி, ஒரே ஒரு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தாள். சிரிப்பு நின்றிருந்தது. முப்பது தலைகள் ஜன்னலோரக் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கே ஏணி உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே உயரமான பெண். போன வாரம் சுவரில் டேப் ஒட்டி எல்லாரையும் அளந்தபோது அவளுக்கு நூற்று எழுபத்தொன்பது. அவளுக்கு அடுத்த பையன் நூற்று எழுபதுதான். ஏணி யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சின் மேலிருந்த தன் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர் கேட்கவில்லை, சரி. ஆனால் உயரம் கேட்டாளே. இந்த வகுப்பில் நூற்று எழுபத்தொன்பது என்பதும் ஒரு பெயர்தான். நிமிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்தப் புள்ளி முப்பத்தாறு பேரில் யாராகவும் இருந்திருக்கும். ஏன், "அது என் சீட்டு" என்று டீச்சரேகூடச் சொல்லித் தப்பவைத்திருக்கலாம். இப்போது ஸ்டூல்மேல் நின்றுகொண்டு எந்த வாயால் சொல்வாள்?

அதிகாரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நிறுத்திட்டீங்களே, டீச்சர். மிச்சத்தையும் போடுங்க. சுவாரசியமா இருக்கு."

மிச்சம் ஒன்பது சீட்டும் கூட்டத்துக்குள்ளேயே விழுந்தன. அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர் போலிருந்தார். "நானும் பதினோரு வருஷம் கணக்கு எடுத்தவன்தான்," என்றார். "சராசரி என்ன வருதுன்னு பாப்போமா? அந்தப் புள்ளியோட ஒரு தடவை, அது இல்லாம ஒரு தடவை."

நியாயமான கேள்வி. வேறு எந்த நாளாக இருந்தாலும் டீச்சரே கேட்டிருப்பாள். பிள்ளைகள் கூட்டினார்கள். அது இல்லாமல் முப்பத்தைந்து பேருக்கு எழுநூற்று எழுபது நிமிடம், சராசரி இருபத்திரண்டு. அதோடு சேர்த்தால் முப்பத்தாறு பேருக்குத் தொள்ளாயிரம், சராசரி இருபத்தைந்து.

"ஒத்தை ஆளு மொத்த வகுப்பையும் மூணு நிமிஷம் தூரத் தள்ளிடுச்சு," என்றாள் ரேடியோ. சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நடுவுல நிக்கிற ஆளு?" என்றார் அதிகாரி.

டீச்சருக்குச் சொல்ல மனமில்லை. ஆனாலும் பாடம் பாடம்தான். "நேரத்தின்படி எல்லாரையும் வரிசையா நிக்க வைங்க. கடைசி ஆள் நூத்தி முப்பதா இருந்தாலும் சரி, ஆயிரமா இருந்தாலும் சரி, நடுவுல நிக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. இடைநிலை ரெண்டு தடவையும் இருபதுதான்."

"சரி." அதிகாரி அந்தப் புள்ளியை அண்ணாந்து பார்த்தார். "நம்ம எல்லைக்குள்ள எந்த வீடும் இங்கேருந்து மூணு கிலோமீட்டருக்கு மேல கிடையாது. ஆமை மாதிரி நடந்தாலும் ஒரு மணி நேரம். அப்புறம் நூத்தி முப்பது எப்படி வரும்?"

ரேடியோ சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது பதிமூணா இருக்கும். கை தவறி ஒரு சைபர் சேந்திருக்கும்," என்றாள். பாவம், தான் கிழித்ததைத் தானே தைக்கப் பார்த்தாள்.

டஸ்டர் டீச்சரின் கையில்தான் இருந்தது. ஒரே துடைப்பு. பிழை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதிகாரிகூட நிரூபிக்க முடியாது. அவள் கையைத் தூக்கியும்விட்டாள். அப்போது ஏணி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சவில்லை, பயந்தமாதிரிகூட இல்லை. நீங்கள் உண்மை எழுதச் சொன்னீர்கள், எழுதினேன், இப்போது அதைப் பொய் என்று சொல்லப்போகிறீர்களா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தாள்.

"பிழையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்," என்றாள். "நமக்குப் பிடிக்கலைங்கிறதுக்காக ஒரு புள்ளியைத் துடைக்க முடியாது. ஆனா சார் கேட்ட கேள்விக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. நான் சீட்டுல என்ன கேட்டேன்? யாராவது படிங்க."

வக்கீல் எழுந்தான். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிற பையன். "நேத்து காலைல வீட்டைவிட்டுக் கிளம்பினதிலேருந்து இங்க வந்து உக்காந்த வரைக்கும் எத்தனை நிமிஷம்."

"வீடு எவ்வளவு தூரம்னு கேட்டேனா?"

"இல்ல மிஸ்."

"அப்ப நிமிஷத்தை வெச்சுக்கிட்டு தூரத்தைச் சொல்ல முடியுமா? யார் நம்பர்னு யாரும் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்கு நேரம் எப்படியெல்லாம் ஏறும்? அதை மட்டும் சொல்லுங்க."

பெஞ்சுகளில் குசுகுசுப்பு எழுந்தது. பிறகு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கை.

"மிஸ், நாப்பது நிமிஷம் நான்தான். தூங்கல," என்று ரேடியோவை முறைத்தபடி எழுந்தான் ஒரு பையன். "எங்க வீடு எதிர்த் தெரு. ரெண்டு தம்பிங்களையும் அவங்க ஸ்கூல்ல விட்டுட்டு வரேன்."

"எழுபது நிமிஷம் நானு," என்றாள் முதல் பெஞ்சுப் பெண். "அம்மாகூட கடை திறந்து, தண்ணி புடிச்சு வெச்சுட்டு வரேன். நடந்தா பத்து நிமிஷம்தான்."

"அஞ்சு நிமிஷம் நான். எங்க வீடுதான் இருக்கிறதுலயே தூரம். மாமா பைக்ல இறக்கிவிட்டுடறாரு. அவரு ஓட்டுறதைப் பாத்தா நீங்களே கண்ணை மூடிக்குவீங்க."

சிரிப்பு வந்தது, நடுங்கிக்கொண்டே வந்தாலும் சிரிப்புதான். டீச்சர் ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதினாள். எதிர்த் தெருப் பையனுக்கு நாற்பது, தூரத்து வீட்டுக்கு ஐந்து. நிமிடத்துக்கும் தூரத்துக்கும் இருந்த கயிறு எல்லார் கண்முன்னாலும் அறுந்து விழுந்தது.

அதிகாரி முழுவதையும் கேட்டார். "நல்ல பாடம்," என்றார் கடைசியில், கிண்டல் இல்லாமல். "ஒத்துக்கறேன். இந்தப் படம் எதையும் நிரூபிக்கல. இதை வெச்சு யாரையும் எழுப்பி நிக்க வெச்சுக் கேக்க மாட்டேன்." நோட்டை மூடினார். "ஆனா சந்தேகம் வந்த வகுப்பை விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும். ஒரு ஆளை மட்டும் பாத்தா அது அநியாயம். அதனால இந்த வகுப்புல முப்பத்தாறு வீட்டையும் பாத்துடச் சொல்றேன். ரெண்டு வாரத்துல ஆள் வரும்."

டீச்சர் ஏணியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மற்ற முகங்களைப் பார்த்தாள். அங்கேதான் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது வரிசையில் ஒருத்தி பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் முகம் வெளுத்திருந்தான். நின்றுகொண்டே இருந்த வக்கீல் மெதுவாக உட்கார்ந்தான். வாய் திறந்தபடி இருந்தும் ஒரு சட்டமும் வரவில்லை.

அவர்களுடைய புள்ளிகளெல்லாம் நல்ல பிள்ளையாக நடுக்கூட்டத்தில் இருந்தன. பதினைந்து, இருபது, இருபத்தைந்து. மூவரும் யோசித்து எழுதிய எண்கள். அவள் வாக்கை நம்பி உண்மை எழுதியது ஒருத்தி மட்டுமே. அந்த ஒருத்தியால் இப்போது நாலு பேர் தலைமேலும் கத்தி தொங்கியது. இல்லை, ஒருத்தியால் அல்ல. சீட்டில் இரண்டாவது கேள்வியைச் சேர்த்தவளால்.

மணி அடித்தது. அதிகாரி படியிறங்கும் முன் டீச்சர் ஓடிப்போய் மறித்தாள்.

"சார், வீட்டுச் சோதனையைப் பரீட்சை முடியற வரைக்கும் தள்ளி வைக்க முடியாதா?"

"எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க வகுப்பாசிரியை, மனு கொடுக்கலாம். மனு நிலுவைல இருக்கிற வரைக்கும் நாங்க வகுப்பைத் தொடக் கூடாது. ஆனா இந்த மாதிரி மனுவை மேல ஏத்துக்கிட்டதா எனக்கு ஞாபகமே இல்ல."

"மறுக்கறதுக்கு எத்தனை நாள் எடுத்துக்குவாங்க?"

"சராசரி அறுபது நாள்."

ஐம்பத்திரண்டைவிட அறுபது பெரியது. டீச்சருக்கு ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்த நொடியே அடிஸ்கேல் புத்தி விழித்துக்கொண்டது.

"இடைநிலை, சார்?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் முதன்முறையாக ஏதோ இளகியது. "நாப்பது," என்றார். "சில மனு மாசக்கணக்குல கிடக்கும். அதுதான் சராசரியை இழுத்துட்டுப் போகுது."

அப்படியென்றால் பாதி மனுக்களுக்கு நாற்பது நாளுக்குள் பதில் வந்துவிடும். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். பூவா தலையா போட்டுப் பார்க்கிற கதை, அதைவிட மோசம்.

"அந்த மாசக்கணக்கு மனுவெல்லாம் எப்படிப்பட்டது, சார்?"

அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே மைதானத்தைப் பார்த்தார். "இணைப்பு நிறைய இருக்கும்," என்றார் பொதுவாக. "ஒவ்வொரு இணைப்பையும் ஒரு ஆள் முழுசாப் படிச்சு, சுருக்கம் எழுதி, கையெழுத்துப் போடணும். எங்க ஆபீஸ்ல அதுக்கு இருக்கிறது ஒரே ஆள். அவருக்குக் கண்ணாடி வேற சரியில்ல." பிறகு இறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று, "முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்," என்றாள். "ரெண்டு எண்ணையும் ஒரே சீட்டுல கேட்டிருக்கக் கூடாது. பேர் இல்லைன்னா பாதுகாப்புன்னு நினைச்சேன். அது பாதுகாப்பு இல்ல. இனிமே நீங்க யார்கிட்டயாவது ஏதாவது கணக்கெடுக்கப் போனா, இதை ஞாபகம் வெச்சுக்குங்க."

ஏணி இருந்த பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள். மன்னிப்பைக்கூட அவளைப் பார்த்துக் கேட்க முடியாத நிலைமை.

"ரெண்டாவது, நாம ஒரு மனு எழுதப்போறோம். இந்த வகுப்பைப் பரீட்சை வரைக்கும் நிம்மதியாப் படிக்க விடுங்கன்னு. மனு அரைப் பக்கம், அதை நான் எழுதறேன். ஆளுக்கு ஒரு இணைப்பு நீங்க எழுதணும். நாலு பக்கத்துக்குக் குறையக் கூடாது. பரீட்சைக்கு எப்படித் தயாராகறீங்க, எந்தப் பாடம் கஷ்டம், வீட்ல யார் என்ன சொல்றாங்க. விரிவா."

"நாலு பக்கமா?" என்றாள் ரேடியோ. "எட்டு பக்கம் எழுதலாமா மிஸ்?"

"நீ எழுது தாயே. வாழ்க்கையிலேயே முதல் தடவையா உன்னை நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

வக்கீல் எழுந்தான். முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. "மிஸ், இதுல பேர் இருக்குமா?"

"இருக்கும். அதனால எழுத விரும்பாததை எழுத வேண்டாம். ஆனா எழுதற எதுவும் பொய்யா இருக்கக் கூடாது. சொல்லாம விடறதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. நேத்தும் அதை நான் சொல்லிக் குடுத்திருக்கணும்."

அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். கடைசி பெஞ்சிலிருந்து தாள் கிழிக்கிற சத்தம் முதலில் வந்தது. ஏணி எழுத ஆரம்பித்திருந்தாள்.

அன்று சாயங்காலமே மனு போயிற்று. முப்பத்தாறு இணைப்பு, நூற்று எழுபத்தொரு பக்கம். அதற்குப் பிறகு டீச்சர் தினமும் காலையில் பதிவேட்டைத் திறக்கும்போது முதலில் ஒரு எண்ணை மனதுக்குள் கூட்டிக்கொண்டாள். இருபது. முப்பது. நாற்பதாம் நாள் அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் கவரோடு நின்றபோது சாக்பீஸ் அவள் விரலுக்குள்ளேயே உடைந்தது. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கவரைப் பிரித்தாள். குடிநீர்த் தொட்டி கழுவுவது பற்றிய சுற்றறிக்கை. "தொட்டி," என்றாள், வேறெதுவும் சொல்ல வராமல். முப்பத்தாறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்திரண்டாம் நாள் கடைசிப் பரீட்சை, கணக்கு. வாசலில் நின்று எண்ணினாள். முப்பத்தாறு பேர் உள்ளே போனார்கள். மூன்று மணி நேரம் கழித்து முப்பத்தாறு பேர் வெளியே வந்தார்கள். ஏணி மட்டும் பக்கத்தில் வந்து, "ஆறு மணி பஸ்ஸைப் புடிக்கணும் மிஸ்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பதில் ஐம்பத்தொன்பதாம் நாள் வந்தது. டீச்சர் காலியான வகுப்பில் உட்கார்ந்து அதைப் படித்தாள். கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று ஒரு வரி. காரணமாக இன்னொரு வரி: இருபத்தேழாவது பக்கத்தில் மாணவி ஒருவர் பேருந்துகளின் தாமதம் பற்றி மிக விரிவாக எழுதியிருப்பது, மனுவின் பொருளுக்குத் தொடர்பற்றது.